வானம் மாறினால் பூச்சி மாறும்: சேர்வராயன் அடிவாரத்துக் காய்கறித் தோட்டத்திலிருந்து

செடியில் பூச்சி தெரிந்தால் எல்லாரும் இலையைத் திருப்பிப் பார்ப்போம். அடுத்த வேலை மருந்துக்கடைக்குப் போவது. இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வேலை இருக்கிறது: போன இரண்டு மூன்று வாரமாக வெயில் எப்படி இருந்தது, மழை எவ்வளவு பெய்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று பார்ப்பது. இன்றைக்கு இலையில் இருக்கும் பூச்சியை வளர்த்துவிட்டது அந்த நாட்களின் வானிலைதான். அடுத்து எது வரப்போகிறது, எது தானாக ஒழியப்போகிறது என்பதையும் அதை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். மருந்துச் செலவு எனக்குக் குறைந்தது இதைக் கவனிக்க ஆரம்பித்த பிறகுதான்.

எங்கள் தோட்டம் சேர்வராயன் மலையடிவாரத்தில், குப்பனூர் பக்கம். கத்தரி, தக்காளி, வெண்டை, மிளகாய், பந்தலில் பாகல், வேலியோரம் அவரை என்று ஆண்டு முழுக்க ஏதாவது காய் இருக்கும். அண்ணன் ஏற்காட்டில் பீன்ஸும் முட்டைக்கோஸும் போடுகிறார். கீழே ஒரு தோட்டம், மேலே ஒரு தோட்டம் என்று தினமும் போனில் பேசிக்கொள்வதால் ஒரே வாரத்தில் ஒரே பூச்சி இரண்டு இடத்திலும் எப்படி வேறு வேறாக நடந்துகொள்கிறது என்பது நன்றாகவே தெரிகிறது.

முதலில் சூட்டைப் பற்றி. பூச்சிக்குச் சொந்தமாக உடம்புச் சூடு கிடையாது. சுற்றியிருக்கும் காற்றும் இலையும் எவ்வளவு சூடோ, அதன் உடம்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். சூடு ஏற ஏற முட்டை சீக்கிரம் பொரியும், புழு சீக்கிரம் வளரும், அடுத்த தலைமுறையும் சீக்கிரம் வந்துவிடும். இலையடியில் இருந்து சாறு உறிஞ்சும் துகளளவுச் செஞ்சிலந்திக்கு 20 டிகிரியில் முட்டையிலிருந்து முழுசாக வளர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். 30 டிகிரியில் ஒரு வாரம், பத்து நாளில் முடித்துவிடும். ஒரு பெண் சிலந்தி நூறு முட்டை வரை இடக்கூடியது. அதனால்தான் பங்குனியில் நாலு செடியில் இருந்தது சித்திரை பாதியில் காடு முழுக்கப் பரவி நிற்கிறது. யாரும் கொண்டுவந்து விடவில்லை. வெயில் பெருக்கிக் கொடுத்துவிட்டது. ஆனால் சூடு எல்லாப் பூச்சிக்கும் நல்லதில்லை. 35 டிகிரிக்கு மேல் தொடர்ந்து அடித்தால் பல புழுக்கள் திணறும், முட்டையும் குறையும்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரம் இருக்கும். ஏற்காடு 1,500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் சுமார் 8 டிகிரி குறைந்துவிடும். சித்திரையில் கீழே நாங்கள் முட்டைக்கோஸை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. மேலே அதே மாதம் பகலில் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். முட்டைக்கோஸைத் தாக்கும் வைரமுதுகுப் பூச்சிக்கு அதைவிடத் தோதான காலம் கிடையாது. அதன் சின்னப் பச்சைப் புழு இலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்று, மெல்லிய தோலை மட்டும் கண்ணாடியாக விட்டுவைக்கும். தொட்டால் பின்பக்கமாகத் துள்ளி, நூலில் தொங்கும். வறண்ட காலத்தில் வைரமுதுகு வேகமாகப் பெருகும். நல்ல மழை அடித்தால் இளம்புழுக்கள் இலையிலிருந்து கழுவப்பட்டு விழுந்துவிடும்.

கோடை மழை பெய்த மறுநாள் அண்ணன் கூப்பிட்டார். "கண்ணு, நேத்து ராத்திரி நல்ல அடிமழை. கோஸ்ல புழுவே காணோம். டேங்க் கலக்கி வெச்சிருக்கிறதா சொன்னேன்ல, அடிக்கட்டுமா?"

"அடிக்காதீங்கண்ணா. மழை உங்களுக்கு ஒரு டேங்க் மிச்சம் பண்ணிக் குடுத்துடுச்சு. முட்டை ஒட்டிக்கிட்டுதான் இருக்கும், நாலஞ்சு நாள் கழிச்சு இலையைத் திருப்பிப் பாருங்க. அப்போ குஞ்சுப்புழு இருந்தா பாத்துக்கலாம்."

அதற்கு அவர், "அப்போ நத்தைதான் ஏறும்" என்றார். ஏறியது. மலையில் ஈரம் தொடர்ந்தால் புழு குறைந்து நத்தை கூடும், அது வேறு சண்டை. மழை இல்லாத வாரங்களில் அவர் தெளிப்புநீரைச் சாயங்காலத்தில் ஓடவிடுகிறார். அந்துப்பூச்சி இணை சேருவதும் முட்டையிடுவதும் பொழுது சாய்ந்த பிறகுதான். அந்த நேரத்தில் மேலிருந்து தண்ணீர் விழுந்தால் அதற்கு இடைஞ்சல், புழுவும் கழுவப்படும். ஆனால் ராத்திரி முழுக்க இலை நனைந்து கிடந்தால் அழுகல் வரும். பொழுது சாய்கிற நேரத்தில் கொஞ்ச நேரம் போதும்.

2024 கோடையைச் சேலத்துக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். ஏப்ரல் கடைசியில் வெயில் 41 டிகிரியைத் தாண்டியது. அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் கத்தரி போட்ட எல்லாருடைய காட்டிலும் செஞ்சிலந்தி. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆரம்பிக்கவில்லை. எங்கள் காட்டில் மண்பாதையை ஒட்டிய முதல் இரண்டு வரிசையில்தான் முதலில் வந்தது. டிராக்டரும் டிப்பரும் போய் வந்து இலை மேலெல்லாம் செம்புழுதி படிந்து கிடந்த வரிசைகள் அவை. புழுதி படிந்தால் சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகளால் இலையில் சரியாக நடமாட முடியாது. சிலந்தி பாதுகாப்பாகப் பெருகும். அதே மாதிரி, தண்ணீர் பற்றாமல் வாடிய செடிக்குத்தான் சிலந்தியும், இலையைச் சுரண்டிச் சாறு குடிக்கும் பொடிப் பூச்சியான இலைப்பேனும் முதலில் வரும். கிணறு வற்றி முறைத் தண்ணீர் பாய்ச்சும் காலத்தில் கடைசிப் பாத்தியைப் பாருங்கள், அங்கேதான் தொடங்கியிருக்கும்.

கண்டுபிடிப்பது எளிது. இலையின் மேல்பக்கம் ஊசியால் குத்தியது மாதிரி வெளிறிய புள்ளிகள் இருக்கும். திருப்பினால் நரம்பின் ஓரம் மெல்லிய நூலாம்படை, அதில் மண்துகளாக ஏதோ ஒட்டியிருக்கும். ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த துகளில் நகர்கிறது எது என்று பாருங்கள். நகர்ந்தால் சிலந்தி. தாளை விரலால் தேய்த்தால் செந்நிறக் கோடு விழும்.

அந்தக் கோடையில் மருந்துக்கடையில் எல்லாருக்கும் ஒரே பதில் கிடைத்தது: நாலு மருந்தைக் கலந்து அஞ்சு நாளுக்கு ஒரு தடவை அடிக்கச் சொன்னார்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு. கலந்து கொடுத்ததில் ஒன்று பைரித்ராய்டு வகை. அது சிலந்தியை அவ்வளவாகக் கொல்லாது, சிலந்தியைத் தின்னும் பூச்சிகளைத்தான் துடைத்தெடுக்கும். அடித்த காட்டில் பத்து நாள் கழித்துச் சிலந்தி முன்பைவிடக் கூடியது. நாங்கள் மருந்துக்கு முன்னால் தண்ணீரைக் கையில் எடுத்தோம். அதிகாலையில் பவர் ஸ்ப்ரேயரில் வெறும் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் படும்படி வேகமாக அடித்தோம். நூலாம்படை அறுந்து, சிலந்தி பாதிக்கு மேல் விழுந்துவிடும். அடியில் முற்றிப் பழுத்த இலைகளைக் கிள்ளி, சாக்கில் போட்டு வெளியே கொண்டுபோனோம். பாதையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கினோம். சொட்டுநீர் நேரத்தைக் கூட்டினோம். இவ்வளவுக்கும் அடங்காத ஓர வரிசைகளுக்கு மட்டும் சிலந்திக்கென்றே இருக்கும் மருந்து. ஒரு எச்சரிக்கை: சிலந்திக்கு நனையும் கந்தகம் நல்ல மருந்துதான், ஆனால் சேலத்துச் சித்திரை வெயிலில் அடித்தால் இலை கருகும். பூசணி, வெள்ளரி, பாகல் வகைகளுக்கு இன்னும் சீக்கிரம் கருகும். வெயில் தணிந்த மாதங்களுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வறண்ட சூடுதான் வெள்ளை ஈக்கும் பிடித்தது. சாறு உறிஞ்சுவதோடு அது நிற்பதில்லை. தக்காளிக்கு இலைச்சுருட்டையையும் வெண்டைக்கு மஞ்சள் தேமலையும் கொண்டுவருகிறது, இரண்டும் வைரஸ் நோய். மாசியில் விதைத்த வெண்டை எங்கள் ஊரில் பங்குனி முடிவதற்குள் மஞ்சளாக நிற்பது பழகிப்போன காட்சி. வைரஸ் ஏறிய செடியை எந்த மருந்தாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஆகவே கோடையில் செய்ய வேண்டியதெல்லாம் நடுவதற்கு முன்னாலேயே. தேமலைத் தாங்கும் வெண்டை ரகம் பார்த்து வாங்குவது, தக்காளி நாற்றை நெருக்கமான நைலான் வலைக்குள்ளேயே வளர்ப்பது, நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே காட்டைச் சுற்றி மக்காச்சோளமோ சோளமோ இரண்டு வரிசை நெருக்கி விதைப்பது. நாற்று மூன்று நாலு வாரம் சுத்தமாக இருந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இளஞ்செடியில் ஏறும் வைரஸ்தான் விளைச்சலை அடியோடு கெடுக்கும்.

மக்காச்சோள வேலியை எந்தப் பக்கம் அடர்த்தியாகப் போடுவது என்பதைக் காற்றுதான் சொல்ல வேண்டும். ஆனி, ஆடியில் எங்களுக்குக் காற்று தென்மேற்கிலிருந்து வரும். ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள், வெள்ளை ஈயும் இலைப்பேனும் எம்மாத்திரம். சொந்தமாக அதிக தூரம் பறக்கத் தெரியாத இந்தப் பூச்சிகளைக் காற்று ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறது. மேற்கே பக்கத்துக் காட்டில் முற்றிப்போன கத்தரியோ பருத்தியோ பிடுங்காமல் நின்றால், அதன் பூச்சியெல்லாம் நமக்குத்தான். ஆகவே அந்த மாதங்களுக்கு மேற்கிலும் தெற்கிலும் மூன்று நாலு வரிசை, மற்ற பக்கம் ஒன்று இருந்தால் போதும். மஞ்சள் ஒட்டும் அட்டையையும் முதலில் அந்தப் பக்கத்தில்தான் நடுகிறோம். முற்றிய செடியைப் பிடுங்கும்படி பக்கத்துக் காட்டுக்காரரிடம் நல்ல விதமாகப் பேசுவதும் பூச்சிக்கட்டுப்பாடுதான். எங்கள் மேற்குக் காட்டு மாமா இப்போதெல்லாம் கடைசிப் பறிப்பு முடிந்த வாரமே ரோட்டவேட்டர் விட்டுவிடுகிறார்.

மழை வந்தால் கதை தலைகீழாக மாறும். பலத்த மழை கொழுந்தில் அப்பும் அசுவினி, இலைப்பேன், செஞ்சிலந்தி, வெள்ளை ஈக் குஞ்சு எல்லாவற்றையும் அடித்துக் கழுவும். இலைப்பேன் கூட்டுப்புழுப் பருவத்தை மண்ணில் கழிப்பதால், மண் ஊறி நின்றால் அதன் அடுத்த தலைமுறையும் குறையும். வெறும் தூறலுக்கு இந்தச் சக்தி கிடையாது. தூறலும் மேகமூட்டமும் மட்டும் இருந்தால் சிலவற்றுக்கு அது விருந்து. 'நேற்று மழை பெய்தது' என்று சொன்னால் போதாது, எத்தனை மில்லிமீட்டர் என்று தெரிய வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

சாறு உறிஞ்சிகள் ஒழிந்த நிம்மதி பத்து நாள் நிலைக்கும். மழைக்குப் பிறகு செடி இளந்தளிர் விடும், மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்தவை ஈரம் பட்டதும் அந்துப்பூச்சியாக வெளியே வரும். மாமியார் இதை மானாவாரிக் கடலைக் காட்டில் பார்த்து வளர்ந்தவர். அந்தக் காலத்தில் கோடை மழை பலமாக ஒன்று பெய்தால் போதுமாம், மறுநாள் ராத்திரியிலிருந்தே வரப்பில் சருகு கூட்டித் தீ மூட்டுவார்களாம். மாதக்கணக்கில் மண்ணுக்குள் காத்திருந்த கம்பளிப்பூச்சியின் தாய் அந்து மழை பெய்த இரண்டு மூன்று நாளில் கிளம்பி, வெளிச்சத்தைத் தேடி வந்து நெருப்பில் விழும். "மழையைப் பாத்துத்தான் தீ மூட்டுவோம் கண்ணு. தேதி பாத்தா மூட்டுவாங்க?" என்று இன்றும் கேட்பார். விளக்குப்பொறி வைக்கும் எல்லாருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

காய்கறியில் மழைக்குப் பிறகு நான் தேடுவது புரோடீனியாப் புழு. நீண்ட வறட்சி, அப்புறம் நல்ல மழை என்று வந்தால் இது கூட்டமாகக் கிளம்பும். இலையின் அடியில் பழுப்பு நிறப் பஞ்சு ஒட்டியதாக ஒரு குவியல் தெரிந்தால் அதுதான் முட்டை. ஒரு குவியலில் நூற்றுக்கணக்கில் இருக்கும். பொரிந்த குஞ்சுகள் முதல் சில நாள் அதே இலையில் கூட்டமாக இருந்து, இலையைச் சல்லடையாக்கிவிடும். அந்த நாட்களில் அந்த ஒரு இலையைக் கிள்ளி எடுத்தால் வேலை முடிந்தது. ஒரு வாரம் விட்டால் காடு முழுக்கப் பிரிந்துபோய், பகலில் மண்ணுக்குள் ஒளிந்து ராத்திரி தின்னும். பிறகு எந்த மருந்தும் சுலபமாகப் பிடிக்காது. வரப்பில் ஆங்காங்கே ஆமணக்கு நட்டிருக்கிறோம், அந்து முதலில் அதன் அகன்ற இலையில்தான் முட்டையிடும். மழைக்கு அடுத்த வாரம் ஆமணக்கு இலைகளைப் பார்த்து வருவது எங்கள் வீட்டில் குழந்தைகளுக்கும் தெரிந்த வேலை.

மிளகாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வானிலையைப் பார்க்காமல் மருந்தடித்து அதிகம் பணம் போவது இதில்தான். இலை சுருண்டால் எல்லாரும் 'முடக்கு விழுந்துடுச்சு' என்று ஒரே பெயரைச் சொல்கிறோம். ஆனால் சுருட்டுவது இரண்டு வேறு ஆட்கள். இலைப்பேன் சுரண்டினால் இலை ஓரம் மேல்நோக்கி மடங்கும், படகு மாதிரி. அடிப்பக்கம் வெள்ளி மினுமினுப்பு, பிறகு பழுப்புத் தடம். இது வறண்ட வெயில் காலத்துக்காரன். மஞ்சள் சிலந்தி என்று ஒன்று உண்டு, கண்ணுக்கே தெரியாது, லென்ஸ் வேண்டும். அது தாக்கினால் இலை கீழ்நோக்கிக் கவிழும், தடித்து நொறுங்கும், இலைக்காம்பு எலிவாலாக நீளும். செஞ்சிலந்திக்குப் பிடித்த வெயில் இதற்குப் பிடிக்காது. மேகமூட்டம், புழுக்கம், விட்டு விட்டுத் தூறல் என்றிருக்கும் புரட்டாசி, ஐப்பசியில்தான் இது கூடும்.

இலைப்பேன் மருந்துகளில் பெரும்பாலானவை சிலந்தியை ஒன்றும் செய்யாது. சிலந்தி மருந்துகளில் பெரும்பாலானவை இலைப்பேனைத் தொடாது. ஆகவே செடி முன்னால் நின்று இரண்டே கேள்வி: இலை மேலே மடங்கியிருக்கிறதா, கீழே கவிழ்ந்திருக்கிறதா? போன இரண்டு வாரம் வெயிலா, மூட்டமா? இரண்டு பதிலும் ஒத்துப்போனால் தைரியமாக முடிவெடுக்கலாம். ஒத்துப்போகாவிட்டால் கிளையை ஒடித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு, சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். பூக்களையும் உள்ளங்கையில் தட்டிப் பார்க்க மறக்காதீர்கள். 2021-இல் ஆந்திரா, தெலங்கானா மிளகாய்க் காடுகளைச் சூறையாடிய கரும் இலைப்பேன் பூவுக்குள்தான் கூட்டமாக இருக்கும். இலையை மட்டும் பார்த்தால் தப்பிவிடும்.

பந்தல் பாகலுக்கு மழைக்காலத்தில் பழ ஈ. இதன் புழு காய்க்குள் வளர்ந்து, காய் விழுந்ததும் மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். மண் ஈரமாக, பொதபொதவென்று இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். விழுந்த காயைப் பந்தலுக்கு அடியிலேயே விட்டுவைத்தால் நாமே அடுத்த கூட்டத்தை வளர்க்கிறோம். தினமும் பொறுக்கி ஆழக் குழியில் புதைக்க வேண்டும், அல்லது கறுப்புப் பாலிதீன் பையில் கட்டி வெயிலில் போட வேண்டும். ஈ தெரிந்த பிறகு கவர்ச்சிப் பொறி மாட்டுவது தாமதம். முதல் நல்ல மழை பெய்ததும் மாட்டிவிடுங்கள்.

பொறியைப் படிப்பதிலும் வானிலை குறுக்கே வரும். கத்தரிக் குருத்துப்புழுவுக்கும் தக்காளிக் காய்ப்புழுவுக்கும் பெண் அந்தின் வாசனையால் ஆண் அந்தை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு 5 வைக்கிறோம். மழை கொட்டிய இரவிலும் பலமாகக் காற்றடித்த இரவிலும் அந்து பறக்காது, பொறியில் குறைவாகத்தான் விழும். அதைப் பார்த்துப் பூச்சி குறைந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. மழை விட்ட இரண்டாம் மூன்றாம் இரவின் எண்ணிக்கைதான் உண்மையைச் சொல்லும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் விளக்குப்பொறியும் இப்படித்தான் ஏமாற்றும். கோடை வெயிலில் பொறியில் வைத்த கவர்ச்சி மருந்து சீக்கிரம் ஆவியாகிவிடும், அதனால் டப்பாவில் போட்டிருக்கும் கெடுவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே மாற்றிவிடுவேன்.

மார்கழி, தை வந்தால் அசுவினி. குளிர்ந்த காலை, பனி, மேகமூட்டம் என்றால் அவரைக் கொழுந்திலும் பூங்கொத்திலும் கறுப்பாக அப்பிக்கொள்ளும். எறும்பு மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கும். பார்க்கவே கையரிக்கும், மருந்தை எடுக்கத் தோன்றும். இந்த ஒரு பூச்சியிடம் மட்டும் நான் பொறுமையாக இருப்பேன். ஒரு கொத்தை உடைத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கறுப்புக் கூட்டத்துக்கு நடுவில் உப்பிப்போய், வைக்கோல் நிறத்தில், அசையாமல் சில இருக்கும். சிலவற்றின் முதுகில் வட்டமாக ஒரு ஓட்டை. உள்ளே வளர்ந்த சின்னக் குளவி அறுத்துக்கொண்டு வெளியே போன வழி அது. பக்கத்திலேயே பொறிவண்டின் புழுவும் மேய்ந்துகொண்டிருக்கும். அந்தச் சாம்பல் நிற முள்ளுப் புழுவைப் பார்த்தால் பலரும் கெட்ட பூச்சி என்று நசுக்கிவிடுகிறார்கள். அசுவினி குளிரில் முந்திக்கொள்ளும், இவை கொஞ்சம் வெயில் ஏறியபிறகுதான் சுறுசுறுப்பாகும். தை பிறந்து பகல் சூடு ஏறும்போது இவை பெருகி அசுவினியைத் தீர்த்துவிடும். நடுவில் மருந்தடித்தால் நமக்காக வேலை செய்பவர்கள்தான் முதலில் சாவார்கள்.

அதுவரை தாங்க முடியாவிட்டால் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல். ஒரு 10 லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோ பருப்பு. இடித்து, துணியில் கட்டி, ராத்திரி முழுக்க ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்தால் போதும். வெயில் பட்டால் வேம்பின் வீரியம் சீக்கிரம் போய்விடும், ஆகவே பொழுது சாயும்போது அடியுங்கள். பிவேரியா, வெர்டிசிலியம் போன்ற, பூச்சியைக் கொல்லும் பூஞ்சணங்களால் ஆன மருந்துகளுக்கு இது இன்னும் முக்கியம். அவை உயிருள்ளவை, பூச்சியின் மேல் முளைத்து உள்ளே இறங்க ஈரக்காற்று வேண்டும். சித்திரை மத்தியானத்தில் அடித்துவிட்டு 'பயோ மருந்து வேலை செய்யல' என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அதே மருந்தை ஐப்பசி, கார்த்திகையில், மூட்டமான சாயங்காலத்தில் அடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லட்டும்.

மரவள்ளியைச் சொல்லாமல் சேலத்தில் பூச்சியைப் பற்றிப் பேச முடியாது. 2020-இல் கேரளத்தில் தலைகாட்டிய மரவள்ளி மாவுப்பூச்சி, பிறகு சேலம், நாமக்கல், தர்மபுரிக் காடுகளில் செடியின் நுனியையெல்லாம் கொத்தாகச் சுருட்டிவிட்டது. வறண்ட மாதங்களில் பெருகி, மழையில் குறைந்து, மறுபடி வறட்சியில் தலையெடுக்கும் பூச்சி இது. பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்த அனகைரஸ் லோபெசி என்ற சின்னஞ்சிறு குளவியை 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதை ஒழிக்கும் குளவி. காய்கறிக்காரர்களான நமக்கு இதில் என்ன என்றால், நம் காட்டுக்குப் பக்கத்தில் மரவள்ளி இருந்தால், கோடையில் நாம் கண்மூடித்தனமாக அடிக்கும் மருந்து காற்றோடு போய் அந்தக் குளவியையும் கொல்லும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஏற்காட்டில் கொட்டித் தீர்த்து, மலைப்பாதையில் மண் சரிந்தது. அண்ணனால் பீன்ஸைக் கீழே கொண்டுவர முடியவில்லை. எங்கள் தக்காளியில் மழை விட்ட அன்று தேடினாலும் ஒரு வெள்ளை ஈ கிடையாது. அக்கம்பக்கத்தில் சிலர் மழை விட்டதும் வழக்கமான முறைக்கு மருந்தை அடித்தார்கள். அடிக்க அங்கே பூச்சியே இல்லை. எங்களுக்கு அந்த வாரம் இருந்த வேலை தண்ணீர் வடிப்பதும் பூஞ்சண நோயைப் பார்ப்பதும்தான். வெயில் திரும்பி, செடி துளிர்விட்ட பிறகு புரோடீனியா முட்டை தென்பட்டது. எதிர்பார்த்துக் காத்திருந்ததால் குவியலாக இருக்கும்போதே இலையோடு கிள்ளி எடுக்க முடிந்தது. அந்தப் பருவத்தில் தக்காளிக்கு நாங்கள் புழு மருந்து அடிக்கவே இல்லை.

இதற்கெல்லாம் பெரிய கருவி வேண்டாம். நேரான பக்கங்கள் உள்ள ஒரு டப்பாவைத் திறந்த வெளியில், மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வையுங்கள். வாய் எவ்வளவு அகலமோ, அடியும் அதே அகலம் இருக்க வேண்டும். காலையில் ஸ்கேலை விட்டு அளந்தால் எத்தனை மில்லிமீட்டர் உயரமோ அதுதான் மழையளவு. நிழலில் ஒரு வெப்பமானி, அதிகபட்சமும் குறைந்தபட்சமும் காட்டுவதாக. ராத்திரிச் சூடு குறையாமல் நின்றால் பூச்சி இரவிலும் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் இரண்டும் தேவை. வானிலைத் துறையின் வேளாண் அறிவுரை ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் வருகிறது, மேகதூத் செயலியில் நம் மாவட்டத்துக்கே தமிழில் பார்க்கலாம். அடுத்த நாட்களின் மழையும் காற்றும் அதில் இருக்கும். நாளைக்கு மழை என்று போட்டிருந்தால் இன்றைக்குச் சாறு உறிஞ்சிகளுக்கு மருந்தடிக்க மாட்டேன்: மழை வந்தால் பூச்சியும் போகும், மருந்தும் போகும், காசும் போகும்.

அப்புறம் ஒரு நோட்டு. தேதி, மழை, இரண்டு வெப்பநிலை, காற்று எந்தத் திசை, எந்தப் பயிரில் எந்தப் பூச்சி, ஓர வரிசையிலா நடுவிலா. அடித்த மருந்தை மட்டும் எழுதிவைப்பவர்கள் உண்டு. அடிக்காமல் விட்டதையும், அதன் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மூன்று நாலு பருவம் சேர்ந்ததும் பழைய பக்கங்களைப் புரட்டினால் உங்கள் ஊருக்கான கணக்கு கிடைத்துவிடும். குப்பனூருக்கு நான் எழுதியிருப்பது மேச்சேரிக்கும் ஆத்தூருக்கும் அப்படியே ஒத்துவராது. மேட்டூர் பக்கக் காற்று வேறு, தலைவாசல் பக்க மழை வேறு. உங்கள் நோட்டை இந்த ஆடிப்பட்டத்திலிருந்தே தொடங்குங்கள், மழை டப்பாவை அதற்கு முந்தைய வாரமே வைத்துவிடுங்கள்.